பாயச வார்ப்பில் நீச்சல்

பல் தேய்த்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனேன். நல்ல மழை. ஓட்டு விளிம்பிலிருந்து கொட்டும் தண்ணீரைப் பிடிக்க, அம்மா அங்கே, ஆடியில் கல்யாணம் இல்லாமல் சும்மா கிடந்த அப்பாவின் பெரிய வார்ப்பை வைத்திருந்தாள்.

வார்ப்பு தெரியுமில்லையா? எங்கள் திருவனந்தபுரத்துக் கல்யாணங்களில் பாயசம் காய்ச்சுகிற ராட்சச வெண்கலப் பாத்திரம். அப்பா கல்யாணச் சமையல்காரர். அந்த வார்ப்பு அவருடைய செல்லப்பிள்ளை. அது விளிம்பு வரை நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது.

வாயில் பிரஷ்ஷோடு நின்று பார்த்தேன். சட்டென்று தோன்றியது... ஒரு கல்யாணத்துக்கே பாயசம் அடங்குகிற பாத்திரம். என் ஒரு முகம் அடங்காதா?

முகத்தை எதற்கு அதில் அடக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்த கதையை முன்பு இதே வலைப்பக்கத்தில் அளந்திருந்தேன். காயலில், அதாவது கடலோர உப்பங்கழியில், வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி. மழைக்காலம் முடிந்ததும் படகில் போய், வலை இழுத்து, தண்ணீர் சேகரிக்க வேண்டும். இந்தப் படகுக்காகத்தான் நான் பாங்க் பரீட்சை எழுதாமல் இருந்தேன். ஆனால் என் கைட் ஒரு விஷயத்தில் கறார் — நீந்தத் தெரியாதவர்களுக்குப் படகில் இடம் கிடையாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்கிறேனே மேடம் என்றேன். தாராளமாகப் போட்டுக்கொண்டு லேபில் உட்காரு, மற்றவர்கள் கொண்டுவருகிற பாட்டிலுக்கெல்லாம் லேபிள் ஒட்டு என்றார்.

அதற்கா எம்.எஸ்ஸி. படித்தேன்?

இத்தனைக்கும் எங்கள் வீடு கரமனையில். ஆறு கூப்பிடு தூரம். தெருப் பையன்கள் எல்லோரும், இரண்டு முற்றல் தேங்காயை நாரால் முடிந்து, நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு நீந்தப் பழகியவர்கள். பெண்களுக்கு அந்தச் சிலபஸ் கிடையாது. படித்துறையில் இறங்கு, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கு, கரையேறு. முடிந்தது குளியல்!

நீச்சல் குளத்தில் பெண்களுக்கு வகுப்பு உண்டு. அது நான் லேபில் இருக்கும் நேரத்தில். ஆறோ மழையில் கலங்கிப் பொங்கி ஓடுகிறது. ஆக, வீடுதான் பள்ளிக்கூடம். இன்டர்நெட் கஃபேயில் தேடி, பிரின்ட் எடுத்து வந்த சில பக்கங்கள்தான் வாத்தியார்.

முதல் பாடம்: அகலமான பாத்திரத்தில் முகத்தை அமிழ்த்தி, மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும்.

கேட்க எளிது. செய்து பாருங்கள். முகம் தண்ணீரைத் தொட்டதுமே உடம்பு முழுக்க மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிடித்துப் பிடித்து, கடைசியில் மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறி, மண்டைக்குள் மிளகாய் அரைத்தது போல எரிகிறது. இரண்டு நாள் இருமினேன். மூன்றாம் நாள் ஒரு சின்னக் குமிழி. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக... மூச்சை விட்டால் தண்ணீர் உள்ளே வருவதில்லை. பிடித்தால்தான் வருகிறது.

நமக்கெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித்தரத் தேவையில்லை. பரீட்சை, இன்டர்வியூ, பெண் பார்க்க வருகிறவர்கள் — எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறோம். விடுவதற்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது.

இரண்டாம் பாடம், பெஞ்சில் குப்புறப் படுத்துக் காலை உதைப்பது. அப்பா காய் நறுக்குகிற நீள பெஞ்சு கிடைத்தது. எங்கள் அக்ரஹாரத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். பக்கத்து வீட்டு மாமி வந்து, சாயங்காலமானால் உங்காத்தில் என்ன இடிக்கிறேள் என்று விசாரித்துவிட்டுப் போனார். அம்மா கூசாமல் மிளகாய்ப்பொடி என்றாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் ஆனந்தமாகக் குமிழி விட்டு நிமிர்ந்தால், எதிரே அப்பா.

"என்னடீ பண்ணறே அதுல?"

"நீச்சல் படிக்கறேன்ப்பா."

"வியாழக்கிழமை அதுலயாக்கும் நான் பாயசம் வெக்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தாலே எச்சில். நான் ஊரார் சாப்பிடும் பாயச வார்ப்புக்குள் வாயையும் மூக்கையும் வைத்து வாரக்கணக்கில் ஊதியிருக்கிறேன். நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்கிறவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

அப்பா திட்டவில்லை. வார்ப்பைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார். அம்மாதான் எனக்காக வாதாடினாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அடுப்பில் ஏற்றிக் காயவைத்தால் சுத்தமாகிவிடாதா என்று கேட்டாள்.

"ஆகும்," என்றார் அப்பா. "ஆனா பால் கொதிச்சுக் குமிழி விடறச்சே, எனக்கு இவ மூஞ்சியாக்கும் தெரியும்."

வியாழக்கிழமைக் கல்யாணத்துக்குப் பழவங்காடிப் பக்கம் போய் வாடகை வார்ப்பு எடுத்துவந்தார். கை பழகாத பாத்திரம், பாயசம் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டதாம். அதையும் அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றிரவு, படகும் வேண்டாம், காயலும் வேண்டாம், லேபிளே ஒட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை கொல்லைப்பக்கம் போனால், வார்ப்பு பழைய இடத்தில் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் நிறைத்து. இனிமேல் அது சமையலுக்கு இல்லை, உனக்குத்தான் என்று அப்பா சொல்லிவிட்டுப் போனதாக அம்மா சொன்னாள்.

அதன்பின் ஒரு விநோதம். நான் லேபிலிருந்து திரும்பும்போதெல்லாம் அம்மாவின் முன்நெற்றி முடி ஈரமாக இருக்கிறது. குங்குமம் கரைந்து மூக்குக்கு வந்திருக்கிறது. கேட்டால் மழையில் நனைந்தேன் என்கிறாள். வெளியே சுள்ளென்று வெயில்!

நேற்று அப்பா ஒரு கல்யாணம் முடிந்து வந்தார். பையிலிருந்து உரிக்காத முற்றல் தேங்காய்களை எடுத்து வைத்தார். இரண்டிரண்டாக நாரால் முடிந்தவை. ஒன்றல்ல, இரண்டு ஜோடி.

"ரெண்டாவது யாருக்குப்பா?"

"உங்கம்மாக்கு. தெனமும் குங்குமம் கரையறது எனக்கு மனஸ்ஸிலாகாதுன்னு நெனச்சாளாக்கும்."

அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது.

இப்போது ஆறு வடிந்து தெளிந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை படித்துறை, இடுப்பளவுத் தண்ணீர். தெருப் பையன்களில் நன்றாக நீந்துகிற இரண்டு பேர் எங்களுக்கு அந்தப்பக்கம், ஆழத்தில் காவலுக்கு நிற்பார்கள். அப்பா காப்பி ஃப்ளாஸ்க்கோடு கரையில். நெஞ்சுக்கடியில் தேங்காயை வைத்து, மூச்சை வெளியே விட்டு, காலை உதைத்து... கடைசிப் படியை விட வேண்டும். அவ்வளவுதான். அம்மா தண்ணீரில் கட்டிக்கொள்ளப் பழைய ஒன்பது கஜப் புடவை ஒன்றை எடுத்து வைத்துவிட்டாள்.

பாட்டிலுக்கு லேபிள் ஒட்ட வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைட்டிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன்.