கண்டக்டர் வீட்டுத் தரை

ஞானராஜ் மாமாவுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். வியர்வையில் நனைந்த ரூபாய் நோட்டை யாராவது நீட்டினால் இரண்டு விரல் நுனியால் வாங்குவார். கொடியில் ஈரத்துண்டு தொங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். இப்படிப்பட்ட மனுஷனுக்குக் கடவுள் கொடுத்த வேலை, கடலூர் சிதம்பரம் தடத்தில் கண்டக்டர். புதுச்சத்திரத்தில் ஏறும் மீன்கூடை, பின்சீட்டில் வாந்தி எடுக்கும் குழந்தை, மழைநாளில் நூறு பேரின் ஈரச்சட்டை, எல்லாவற்றுக்கும் நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் "ச்சீ, ச்சீ" என்று முணுமுணுத்தபடி டிக்கெட் கிழித்தார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஓடுகிற பஸ்ஸில் எந்தக் கம்பியையும் பிடிக்காமல் நிற்பார். ஒருநாளும் அவர் விழுந்ததில்லை.

அவருடைய மனைவி வியாகுலமேரி என்னுடைய அக்கா. நான் சிதம்பரத்தில் தபால் ஆபீசில் குப்பை கொட்டுகிறவன். மாமாவின் அருவருப்பைக் கேலி செய்தே பழகிய எனக்கு, அவர் வீட்டுத் தரை விஷயத்தில் மட்டும் அவரைவிட அதிகமாகக் குமட்டியது. இன்றைக்கும் பளபளவென்று ஒரு தரையைப் பார்த்தால் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அவர்கள் வீடு கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. பழைய சிமெண்டுத் தரை. ஐப்பசி பிறந்தால் போதும், கீழேயிருந்து ஓதம் ஏறும். பாயைச் சுருட்டினால் அடியில் பூஞ்சணம். அரிசி மூட்டையின் அடி கறுத்துப்போயிருக்கும். மழை விட்டு வெயில் அடித்தால் தரையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். அக்கா தினமும் அதைக் கூட்டி அள்ளிக் கொட்டுவாள். மறுநாள் மறுபடி பூத்திருக்கும். மாமா குதிகாலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நடப்பார்.

அதெல்லாம் அக்காவுக்குப் பழகிப்போன சங்கதி. பெலிசியாதான் அவள் மனசைக் கெடுத்தாள். பெலிசியா எங்கள் சித்தி மகள். புருஷன் பேங்க் ஆபீசர். 2007இல் சிதம்பரத்தில் வீடு கட்டி, பாதிரியாரைக் கூப்பிட்டு மந்திரித்து, எல்லாருக்கும் பிரியாணி போட்டாள். ஹால் முழுக்க வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ். அக்கா அதைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

"எம்மாம் வழவழப்பா இருக்குது பெலிசியா!"

"இதெல்லாம் பாத்துக்கறது கஷ்டம்க்கா. உங்க வூட்டுக்கு சிமெண்டுத் தரைதான் லாயக்கு. கண்டக்டர் வூடு, பஸ்ஸு புழுதியோட வருவாரு, போவாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயில் பிரியாணியோடு கூட நாலு பேர் சிரித்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். கல்யாணமான நாளிலிருந்து மாமாவிடம் எதையுமே கேட்டிராத அக்கா, அன்றைக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸில் கேட்டாள்.

"அந்த மாதிரி தரை எனக்கு வேணும்."

அடுத்த வருஷம் கடலூரில் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனோம். நானும் கூடப் போயிருந்தேன். உள்ளே ஏசி. மாமா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். காட்டிய டைல்ஸ் ஒன்றைக் கீழே வைக்கச் சொல்லி, கையிலிருந்த பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, ஈரக் காலோடு ஏறி நின்று இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பஸ் திரும்பும்போது நிற்பாரே, அதே மாதிரி. கடைக்காரன் பதறிப்போய்த் துணியோடு ஓடி வந்தான். அக்காவுக்கு மானமே போய்விட்டது.

"ச்சீ, இது வழுக்குது மேரி. பஸ்ஸுல பாரு, புள்ளி புள்ளியா தகடு அடிச்சிருப்பான். எவ்ளோ மழையா இருந்தாலும் கால் நிக்கும். அந்த மாதிரி சொரசொரப்பா ஒண்ணு காட்டச் சொல்லு."

கடைக்காரன் ஒன்றைக் காட்டினான். பழுப்பு நிறம், பளபளப்பே கிடையாது. மாமா அதன்மேல் நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அக்கா சொன்னாள்: "அது வண்டி நிறுத்துற எடத்துல போடுறது. என்னைய வூட்டுக்குள்ளயும் பஸ்ஸுலதான் வெச்சிருப்பீங்களா?"

மாமா அதிலிருந்து இறங்கினார். முகம் தெரிகிற வெள்ளை டைல்ஸ் வண்டியில் ஏறியது.

போட்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கொத்தனார் சின்னையன் பழைய தரையைப் பெயர்த்து, ஜல்லி போட்டு இடித்து, அதன்மேல் கெட்டியான பாலிதீன் ஷீட் விரித்து, ஓதம் ஏறாதபடி கான்கிரீட் போட்டார். போர் தண்ணீர் உப்பு என்று கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கினார்கள். தண்ணீர் தேங்காமல் ஓட பின்பக்கம் வாட்டம் விட்டார். உப்புப் பூப்பது அன்றோடு நின்றது. அக்கா பத்துத் தடவை குனிந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மழைக்காலம் வந்ததும் அந்தத் தரை வேர்க்க ஆரம்பித்தது. மேலே ஒரு சொட்டு ஒழுகவில்லை, கீழேயும் ஏறவில்லை. கடல் காற்றில் இருக்கிற ஈரம் அப்படியே வந்து குளிர்ந்த டைல்ஸில் படிந்தது. காலையில் எழுந்தால் தரை முழுக்க மூக்குச் சளி பூசின மாதிரி ஒரு பிசுபிசுப்பு. அதன்மேல் காலை வைத்தாலே எனக்கு உடம்பு கூசும். மாமா கட்டிலிலிருந்து இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பார். அக்கா மட்டும் "அது தொடைச்சா போயிடும்" என்பாள்.

2009 கார்த்திகையில் சமையல்கட்டிலிருந்து காபியோடு வந்தவள் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். டாக்டர் மாமாவையும் என்னையும் கூப்பிட்டுச் சொன்னார். இன்னொரு தடவை விழுந்தால் நடை போய்விடும், அப்புறம் படுக்கைதான்.

மாமா அன்றைக்கே தரையை உடைக்கிறேன் என்று கிளம்பினார். அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என் பொணத்த எடுத்துட்டு அப்புறம் ஒடைங்க. எவ எவ என்ன சொல்வாளோ!"

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பெலிசியா வந்தாள். கட்டிலில் கால் நீட்டிக் கிடக்கிறவளைப் பார்க்க வந்தவள், முதலில் பார்த்தது தரையை.

"பரவால்லக்கா, நல்லா பளிச்சின்னு வெச்சிருக்கீங்க. எங்க வூட்டுல கூட மங்கிப்போச்சு!"

அக்கா முகம் மலர்ந்து சிரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைப் போல என்னை அருவருக்க வைத்தது வேறொன்றும் இல்லை. இடுப்பை ஒடித்த தரைக்கு இவள் பல்லைக் காட்டுகிறாளே என்று எழுந்து வெளியே போய்விட்டேன். கூடப்பிறந்தவளையே வெறுக்கும்படி ஆகிவிட்டது.

அப்புறம் மாமா பட்ட பாடு இருக்கிறதே! கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் தேங்காய்நார் விரிப்பு போட்டார். ஒரே வாரத்தில் அடியில் பச்சைப் பூஞ்சை பிடித்து நாறியது. ரப்பர் விரிப்பு போட்டார். அது அடியில் ஈரம் சேர்ந்து விரிப்போடு நகர்ந்தது. சாக்கைப் போட்டால் நனைந்த நாயின் வாடை. எல்லாவற்றையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கித் தெருவில் எறிந்தார்.

கடைசியில் தன்னுடைய பழைய வேட்டியைக் கிழித்து, முட்டி போட்டு, தினமும் காலையில் தானே தரையைத் துடைக்க ஆரம்பித்தார். முதலில் நான் நம்பவில்லை. ஒருநாள் முதல் பஸ்ஸில் போய் நேரில் பார்த்தேன். ஈரத்துண்டைக் கண்டாலே ஓடுகிற மனுஷன், சொட்டச் சொட்ட நனைந்த துணியைக் கையால் பிழிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பிழிசலுக்கும் "ச்சீ" என்றார். அவர் துடைத்து, தரை காய்ந்து, "எறங்கு மேரி" என்று சொன்ன பிறகுதான் அக்கா காலைக் கீழே வைப்பாள். டூட்டி இருந்தாலும் சரி, ஜுரம் அடித்தாலும் சரி. இரண்டு மழைக்காலம் இப்படியே ஓடியது.

"எத்தன நாளைக்கு மாமா இப்படி? பேசாம ஒடைச்சிப் போடுங்க" என்றேன்.

"அவ கேட்டது இது ஒண்ணுதான்டா" என்றார்.

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' என்கிற புயல் வந்தது. விடிகிற நேரத்தில் காற்று கரை ஏறியதில் ஹால் ஜன்னல் கண்ணாடி நொறுங்கி மழை உள்ளே அடித்தது. அக்கா இருந்த கட்டில் நனைந்தது. உள்ளறைக்கு அவளைக் கொண்டுபோக வேண்டும். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அவள் நடந்து போவதற்காகத் தரையைத் துடைத்தார். வெளியே தென்னைமரம் முறிந்து விழுகிறது, ஜன்னல் வழியே குடம் குடமாகத் தண்ணீர் கொட்டுகிறது, இவர் முட்டி போட்டுத் துடைத்துப் பிழிகிறார். வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர் வழுக்கி அப்படியே மல்லாந்து விழுந்தார். ஓடுகிற பஸ்ஸில் விழாத மனுஷன், தன் வீட்டு ஹாலில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது.

அக்கா கத்தினாள். அந்தக் காற்றில் யாருக்குக் கேட்கும்? கட்டிலிலிருந்து கீழே சறுக்கி இறங்கி, உட்கார்ந்தபடியே தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து அவரிடம் போனாள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். காற்று அடங்கி அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து வரும்வரை இரண்டு பேரும் அந்த வெள்ளைத் தரையில், தண்ணீரில்தான் கிடந்தார்கள்.

"அப்பகூட என்ன சொன்னாருன்றே? 'ச்சீ, ஒம் பொடவை ஈரம்'ன்னாரு" என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் என்னால் இரண்டு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. மாமாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வைத்தியமெல்லாம் முடிந்த பிறகு அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அதே ஹால், அதே கட்டில். இப்போது அதில் மாமா கிடந்தார். அக்கா சின்னையனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வந்ததும் வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினாள்.

"சுத்திய குடுங்க."

மாமா கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். "வேணாம் மேரி. ஆசப்பட்டு போட்டது. நான் எழுந்துட்டா தொடைச்சிக்குவேன்."

"ச்சீ, சும்மா கெடங்க!"

ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து ஓங்கி ஒரு அடி. கட்டிலுக்குப் பக்கத்து டைல்ஸ் நாலாகப் பிளந்தது. மீதியைச் சின்னையன் பார்த்துக்கொண்டார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு வருஷம் முட்டி தேயத் துடைத்த தரை அல்லவா, அவருக்கு அது தாங்கவில்லை.

புது டைல்ஸ் வாங்க அக்காவை நான்தான் ஆட்டோவில் கூட்டிப் போனேன். அதே கடை. வாசலில் செருப்பைக் கழற்றினாள். பழுப்பு நிற டைல்ஸைக் கீழே வைக்கச் சொல்லி, பாட்டில் தண்ணீரை ஊற்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றாள். யார் பார்க்கிறார்கள் என்று அவள் திரும்பவே இல்லை.

2012 ஈஸ்டருக்கு நான் போயிருந்தபோது பெலிசியா வந்தாள். வாசற்படியிலேயே நின்று பழுப்புத் தரையைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"என்னக்கா இது அசிங்கமா? பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்குது."

நல்ல வார்த்தையாக நாலு கொடுக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா ஒரு கையில் கம்போடு உள்ளறையிலிருந்து வந்தார். குளித்த ஈரம் காலில் சொட்டியது. ஒவ்வொரு அடியாக ஹாலின் நடுவுக்கு வந்து, கம்பை அக்காவிடம் கொடுத்துவிட்டு, எதையும் பிடிக்காமல் நின்றார்.

அக்கா பெலிசியாவைப் பார்த்துச் சொன்னாள்: "கண்டக்டர் வூடுடி இது. அவரு நிக்கணும்."