சவரிமுத்து அவர்கள் வார்த்துத் தந்த மூட்டு

பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார் சவரிமுத்து அவர்களின் மைத்துனர். பள்ளி வாசலில் நின்றபடியே சொன்னார்: "மச்சான் காலையில போயிட்டாருங்க, டீச்சர்." ஸ்ரீரங்கத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான், கையில் சாக்பீஸ் இருப்பதுகூடத் தெரியாமல் பஸ் ஏறினேன்.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் பல்செட் செய்யும் மெக்கானிக்காக இருந்தவர் அவர். என் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. துறையூரில் சிறுவயதில் காதில் சீழ் வைத்து, என் தாடை மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வயதுவரை கஞ்சியைப் பல்லிடுக்கு வழியாக உறிஞ்சிக் குடித்தேன். நான் பேசுவது அம்மாவுக்கு மட்டுமே புரியும்.

அவர் வேலை பார்த்த மருத்துவமனையின் டாக்டர்தான் ஒட்டிப்போன அந்த எலும்பை வெட்டி எடுத்தார். மறுபடி ஒட்டாமலிருக்க இடையில் வைப்பதற்கு, பல்செட் செய்யும் அக்ரிலிக்கிலேயே ஒரு சிறு மூடி செய்து தந்தார் சவரிமுத்து அவர்கள். வாய் திறந்தது. ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் முறுக்கைக் கடித்தபோது காதருகே 'டக்' என்றது. அக்ரிலிக் பிளந்துவிட்டது. தாடை வீங்கி, பேச்சும் நின்றது.

மருத்துவமனையில் யாரும் காரணம் சொல்லவில்லை. அவர் மட்டும் என் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்ரிலிக் தாங்கும்னு டாக்டர்கிட்ட சொன்னவன் நான்தாம்மா. தப்பு என்னோடது."

'இனிமேல் கத்தி வேண்டாம்' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

"ஒரே ஒரு தடவைம்மா. கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம். துருப்பிடிக்காது, உடம்பும் ஏத்துக்கும்னு டாக்டர் படிச்சிருக்காரு. ஆனா ஆயுசுக்கும் தாங்கும்னு பொய் சொல்ல மாட்டேன்."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் சம்மதித்தேன். மெழுகில் அச்செடுத்து, உலோகத்தை உருக்கி வார்த்தார். மூன்றைக் குறையென்று தூக்கிப் போட்டார். நான்காவதை முகம் தெரியுமளவுக்கு மெருகேற்றினார். அது என் காதுக்கு முன்னால் இன்றும் இருக்கிறது.

அதன்பின் எங்கே பார்த்தாலும், மலைக்கோட்டைக் கடைத்தெருவானாலும், "எங்க, வாயத் தொறம்மா" என்பார்.

போன மாதம் நெஞ்சு நோயில் படுத்தவர், என்னைப் பார்க்க வேண்டுமென்று ஆளனுப்பியிருந்தார். பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். இன்று வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. "டீச்சருக்கு மறுபடி ஒட்டிக்கிச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாருங்க. இல்லைன்னு நான்தான் சொல்லிவெச்சேன்" என்று அழுதார்.

பெட்டியை மூடுமுன் அவர் கைகளைப் பார்த்தேன். ஜெபமாலை சுற்றிய விரல்களில், உருகிய உலோகம் தெறித்த பழைய தழும்புகள். சில்லிட்டிருந்த அவ்விரல்களைத் தொட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்:

"ஒட்டலீங்க, சார். நல்லா இருக்கேன். போயிட்டு வாங்க."