பிலோமினா மிஸ் வெட்டாமல் விட்ட சிவப்பு வால்

பிலோமினா மிஸ்ஸின் நினைவு மலருக்கு எழுதித் தருமாறு அவருடைய மகள் கேட்டார். வழி தவறிவிடுவேனோ என்ற பயத்தில் முதலில் இப்படிக் குறித்துக்கொண்டேன்:

1. செய்தி வந்த விதம்.
2. அவர் எண்ணிய முறை.
3. அவரிடம் நான் கண்ட ஒரே குறை: கவனமற்ற வெட்டு.
4. விடை.

செய்தி அவருடைய தொலைபேசி இலக்கத்திலிருந்தே வந்தது. திரையில் ‘பிலோமினா மிஸ்’ என்று விழுந்ததும், “சொல்லுங்க மிஸ்” என்றேன். பேசியது மகள்.

“அங்கிள், அம்மா விடியக்காலம் போய்ட்டாங்க.”

நான் மறுபடியும் “சொல்லுங்க மிஸ்” என்றதாக ஞாபகம்.

திருமதி பிலோமினா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, வத்தேகமவில் குடியிருந்தவர். கண்டியில் ஒரு பல் சிகிச்சை ஆய்வுகூடத்தில் என் பக்கத்து மேசையில் வேலை செய்தார். பதவியில் நான் மூத்தவன், கைத்திறனில் அவர்.

நோயாளியின் இரத்தத்தை எடுத்து உடனே இயந்திரத்தில் சுழற்றினால், குழாயின் மேற்பாதியில் பைப்ரின் என்ற நார்ப்புரதம் மஞ்சள் நிறக் கட்டியாக உறையும்; அடியில் செங்குழியங்கள் தங்கும். மஞ்சள் கட்டியைப் பல் பிடுங்கிய குழியில் வைப்பார்கள், புண் ஆறுவதற்கு. அதற்குள் எத்தனை குருதிச் சிறுதட்டுகள், எத்தனை வெண்குழியங்கள் என்று மதிப்பிடுவது எங்கள் வேலை. உறைந்த கட்டிக்குள் நேரடியாக எண்ண முடியாது. முழு இரத்தத்தில் எண்ணி, கட்டியை எடுத்தபின் மிஞ்சியதில் எண்ணி, கழிப்போம். காணாமற்போனவை கட்டிக்குள் இருப்பதாகக் கொள்வோம்.

புதிதாக வந்த டொக்டருக்கு இது விளங்கவில்லை. மிஸ் சொன்னார்: “லயத்துல எத்தன பேர்னு தெரியும் டொக்டர். வீட்டுல நிக்கிறவங்கள எண்ணிட்டா, கோயிலுக்குப் போனது எத்தன பேர்னு சொல்லிரலாம்.”

“அப்ப வழியில காணாமப் போனவங்க?”

“அவங்களையும் கோயில்லதான் சேக்கிறோம். அதான் எனக்குப் பயம்.”

எண்ணும்போது அவருடைய உதடுகள் அசையும்; சத்தம் வராது. அந்நேரம் அறைக்குள் வர எனக்கே தயக்கமாக இருக்கும்.

இனி அந்தக் குறை. மஞ்சளும் சிவப்பும் சேரும் இடத்தில் நான் சுத்தமாக வெட்டி, சிவப்பை மிஞ்சியதோடு சேர்ப்பேன். அவர் கட்டியில் ஒரு சிறு சிவப்பு வாலை விட்டுவிடுவார். அவருடைய எண்ணிக்கை எப்போதும் என்னுடையதைவிடக் கூடியது.

“நல்லதெல்லாம் அந்த வால்லதான் சேர் இருக்கு. அதத்தான் நீங்க வெட்டி எடுக்கிறீங்க.”

“சிவப்பைச் சேர்த்தா எண்ணிக்கை கூடத்தானே செய்யும், மிஸ்?”

“நான் செவப்ப எண்ணலயே சேர்!”

‘கைப்பிழை’ என்று எழுதி, அறிக்கையிலிருந்து அவருடைய எண்களை அடித்தேன். எண்கள் போனதால் பெயரும் போயிற்று. டொக்டர்மாரும் என் சொற்படி சுத்தமாகவே வெட்டினார்கள். அவர் சண்டை பிடிக்கவில்லை. தன் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, கட்டியை வாலோடு மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, ஒரு கண்ணாடித் தகட்டில் தந்தார். “நேரம் கெடச்சாப் பாருங்க சேர்.” நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தேன் என்பதே சரி.

நேற்றுப் பிற்பகல் இதுவரை எழுதிவிட்டு, அந்தத் தகட்டை வீட்டிலுள்ள பழைய நுணுக்குக்காட்டியில் வைத்தேன். யன்னலுக்கு வெளியே மூடுபனி. அவரை அடக்கம் செய்து மூன்று வாரமாகிறது. அவருடைய இரத்தமோ வெளிச்சத்தில் நிறம் மங்காமல் விரிந்து கிடந்தது. மேற்பகுதி ஏறக்குறைய வெறுமை. வாலை நோக்கி நகர்த்த நகர்த்த சிறுதட்டுகளும் வெண்குழியங்களும் ஊதாப் புள்ளிகளாகப் பெருகின. நான் வெட்டும் இடத்திலும் அதற்கப்பால் சிவப்புக்குள்ளும் நெருக்கியடித்து நின்றன, யாரோ வந்து எண்ணட்டும் என்று காத்திருப்பவைபோல.

எண்ணத் தொடங்கினேன். எதிரே அலுமாரிக் கண்ணாடியில் என் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. நான் அப்படி எண்ணுபவன் அல்லன்.

மேலே உள்ள குறிப்பை அடித்துத் திருத்தியிருக்கலாம். நான் அடித்தது போதும் என்று விட்டிருக்கிறேன். போய் வாருங்கள், மிஸ். உங்கள் எண்கள் சரி. கவனமற்ற வெட்டு என்னுடையது. என் மூன்றாவது குறிப்பு பிழை.