சொன்ன மைலேஜ் வரலையே!

காரை விற்பவருக்கு ஒரு நாள்தான் வேலை. விற்ற காரில் மைலேஜ் வரவில்லை என்ற புகாரைக் கேட்பவருக்குத் தினமும் வேலை. தூத்துக்குடி ஷோரூம் ஒன்றில் அந்த இரண்டாவது ஆள் நான். பெட்ரோல் பங்கில் நின்று பெருமூச்சு விடும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஹைபிரிட் கார் பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும். புகார் வந்தால் நான் கூடவே போய், கோளாறு காரிலா ஓட்டுபவரிடமா என்று பார்க்க வேண்டும். சேர்ந்த ஆறாம் மாதம் மேனேஜர் மூன்று பெயர்களைக் கொடுத்தார். மூவரும் 'திருப்தி' என்று கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போகலாம். எனக்கோ அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்தவர் காரில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு அவரையே குறை சொல்லும் பாக்கியம் வேறு எங்கே கிடைக்கும்?

பாலம் தேடிய அண்ணாச்சி

முதல் ஆள், துறைமுகத்துக்கு லாரி ஓட்டியே முதலாளியான அண்ணாச்சி. ரயில்வே மேம்பாலத்தில் இறங்கும்போது டக்கென்று நியூட்ரலுக்குத் தள்ளினார். டீசலை மிச்சம் பிடிக்கும் முப்பது வருடப் பழக்கம்! ஹைபிரிட்டில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், உருளும் சக்கரமே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிடும். நியூட்ரலில் போட்டால் அதுவும் போச்சு.

சொன்னபடி செய்து பார்த்தார். திரையில் சார்ஜ் ஏறுவதைக் கண்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பித் திரும்பி வந்து அதே பாலத்தில் ஆறு தடவை ஏறி இறங்கினார். ஏற்றத்தில் செலவானதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. எனக்குக் கையெழுத்து முக்கியம். போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏளா, இதவிட ஒசரமான பாலம் எங்கன இருக்கு?"

சத்தமே போடாத வண்டி

அடுத்தவர் மணப்பாட்டில் வள்ளம் வைத்திருக்கும் மிக்கேல் அண்ணன். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர். அதனால் தினமும் காலையில் காரை நிறுத்திய இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்து, எஞ்சின் சத்தம் பத்து நிமிடம் காதில் விழுந்த பிறகுதான் கிளம்புவார். நின்ற இடத்திலேயே பெட்ரோல் குடித்தால் மைலேஜ் எப்படி வரும்?

"ரெடி விளக்கு எரியுது, சத்தம் வராட்டியும் வண்டி ஓடும்ணே" என்றேன். நம்பாமல் ஆக்சிலேட்டரில் காலை வைத்தார். கார் சத்தமில்லாமல் நகர்ந்ததும் "ஐயோ, போகுதே!" என்று அலறினார். தெருவில் ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. அவர் கையெழுத்துப் போடும்போது, பின்சீட்டிலிருந்த அவர் மனைவி சொன்னார்: "நல்லதாப் போச்சு, இனிமே சர்ச்சுக்குப் பூசைக்குப் பிந்திப் போனாலும் சாமியாருக்குத் தெரியாது."

ஈரச் சாக்கு

மூன்றாமவர் ஆத்தூர் வெற்றிலை வியாபாரி. ஏரல் வரை கூடப் போனேன். திடீர் பிரேக் இல்லை, வேகம் இல்லை. அவ்வளவு பதமாக ஓட்டினார். ஆனாலும் மைலேஜ் பாதாளத்தில் கிடந்தது. ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டினேன்.

அப்போதுதான் பின்சீட்டில் ஒரு விசிறி உயிரை விட்டுக் கத்துவது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். வெற்றிலைக் கட்டு வாடாமலிருக்க ஈரச் சாக்கு சுற்றி, சீட்டின் ஓரத்தில் இறுக்கிச் செருகியிருந்தார். சீட்டுக்கு அடியிலிருக்கும் பேட்டரியைக் குளிரவைக்க விசிறி காற்றை இழுக்கும் வழியே அதுதான்! சூடேறிய பேட்டரி ஒதுங்கிக்கொள்ள, பாரம் முழுவதும் பெட்ரோல் தலையில். சாக்கை உருவினேன். "வெத்தில வாடிரும்மா!" என்று பதறினார். "நான் பிடிச்சுக்கிடுதேன்" என்று கட்டோடு மடியில் வைத்துக்கொண்டேன். ஆத்தூர் திரும்புவதற்குள் விசிறி அடங்கியது, மைலேஜ் ஏறியது, என் சுடிதார் தொப்பலாக நனைந்தது. சந்தோஷத்தில் வெற்றிலைக் கட்டையே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, கீழே கருத்துக்கு விட்டிருந்த இடத்தில் எழுதினார்: "திருப்தி. கார்ல ஒரு கொறையும் இல்ல. சாக்குப் பிடிக்க இந்தப் பிள்ளையையும் சேத்துக் குடுத்திருக்கலாம்."

வேலை நிரந்தரமாகிவிட்டது; காருக்கு ஒரு எஞ்சினையும் ஒரு மோட்டாரையும்தான் கம்பெனி தருகிறது, மைலேஜைத் தின்கிற ஆளை நாமேதான் ஸ்டியரிங் பிடிக்க உட்கார வைக்கிறோம்.