வானத்துக் கணக்கும் பொடவு மண்ணும்

மாடித் தோட்டத்துக்காக நேற்று போடியில் ஒரு மூட்டை உரம் வாங்கினேன். வாயைப் பிரித்ததும் சாம்பலும் வௌவால் எச்சமும் கலந்த நெடி. ரோஜாச் செடியை மறந்து இருபத்தைந்து வருடம் பின்னால் போய் நின்றேன். வயதானால் கால் நகர்வதில்லை, மூக்குதான் ஊர் சுற்றுகிறது.

அப்போது போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. வேலையைவிட வாசிப்பு அதிகம். பனியுகம் பற்றி ஒரு புத்தகம் படித்துவிட்டு, கேட்க ஆளில்லாமல் தவித்தவனுக்குக் கிடைத்தவர் கங்காணி செல்லையா அண்ணன். பூமி பம்பரம் மாதிரித் தலையாட்டுகிறது, அதன் சாய்வும் சூரியனைச் சுற்றும் பாதையும் மெல்ல மாறுகின்றன, அந்தக் கணக்கில்தான் பனியுகங்கள் வந்து போயின, ஆதிமனிதன் காலத்தையும் அதை வைத்தே சொல்லலாம் என்று அளந்துவிட்டேன்.

"அப்ப நம்ம பொடவுல கெடக்குற கல்லுக்கும் வயசு சொல்லலாமா தம்பி?"

பொடவு என்றது சரிவில், கூர்கூரான கற்கள் கிடந்த பாறைக் குகையை. மழையில் ஜீப்பு வராத ஒரு நாள் அவர் மகள் பிறந்தது அங்கேதான். முதலாளி அதை உடைத்து விடுதி கட்டுவதாக இருந்தார். ஆதிமனிதன் இருந்த இடம் என்று நிரூபித்தால் பாறை தப்பும். மதுரையில் ஒரு பேராசிரியருக்குக் கடிதம் போட்டேன். வருகிறேன் என்றார்.

ஏலக்காய்க்காரன் எதையும் அழுக்கோடு காட்டமாட்டான். நாங்கள் பொடவைப் பாறை தெரியத் தோண்டி, கற்களைத் தேய்த்துக் கழுவி, காய் சலிக்கும் சல்லடையில் போட்டு பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று தரம் பிரித்தோம். சாம்பலும் வௌவால் எச்சமும் ஊறிக் கறுத்த மண்ணை வீணாக்க மனசு வருமா?

பேராசிரியர் கற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மனுசன் செதுக்குனதுதான். எது எந்த ஆழத்துல இருந்துச்சு? அந்த மண்ணு எங்க?"

செல்லையா அண்ணன் பெருமையாகச் சரிவைக் காட்டினார். "செடிக்குப் போட்டாச்சு சார். இந்த வருசம் காய் எப்பிடி நிக்கும் பாருங்க!"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வானத்துக் கணக்கெல்லாம் சரி தம்பி. அதைப் பொருத்திப் பாக்கக் கீழ மண்ணு வேணும்ல? வயசு சொல்லாம நான் எழுதிக் குடுத்தா எவன் மதிப்பான்?"

மண்ணடுக்கைப் பற்றி என் புத்தகத்திலும் ஓர் அத்தியாயம் இருந்தது. படம் இல்லை என்று தள்ளிப் புரட்டியிருந்தேன்.

மறுமாதம் வெடி வைத்தார்கள். "தப்பு என்னோடதுண்ணே" என்றேன்.

"விடுங்க. ரெண்டு பேருந்தான கழுவுனோம்."

திட்டியிருக்கலாம்.

பொடவு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி விடுதி. அண்ணன் சிலமலையில் மகளோடு இருக்கிறார். போடிக்கு வந்தால் என் வீட்டில் காபி குடிப்பார். மழை, பஸ்சு, மூட்டுவலி எல்லாம் பேசுவோம். ஆனால், அது ஏன் அப்படி, இது எப்படி வந்தது என்று அன்றிலிருந்து ஒரு தடவைகூட என்னிடம் எதையும் அவர் கேட்டதில்லை.