அம்மாக்கண்ணுக்கு எந்தச் சட்டை?

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் கடையைத் திறந்து, முன்பக்கம் நிற்கும் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். பாண் ரொட்டி விற்கும் த்ரீவீல்காரர் வண்டியை நிறுத்தாமலே தலையை நீட்டி, "முதலாளி, ரெதி நானா நெத்தி வுணாலு" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். துணி நானா இறந்துவிட்டாராம். பாண் வண்டியின் பாட்டு பெல்மதுளைச் சந்தி திரும்பும்வரை கேட்டது. நான் பொம்மையின் ஒரு கையைக் கழற்றிப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

எல்லாருக்கும் நானாவாக, அண்ணனாக, இருந்த ஜமால்தீன் நானாவை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஒழுங்கையில் தோட்டத்துச் சனங்கள் வேனிலும் லொறியிலும் வந்து இறங்கினார்கள். கொழுந்துப் பையோடு நேரே மலையிலிருந்து வந்த பெண்களும் இருந்தார்கள். போக்குவரத்தைச் சரிசெய்ய வந்த பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார், "எந்த மந்திரியோட ஆளு?" "மந்திரியுமில்ல, ஒன்னுமில்ல. புள்ளைகளுக்குச் சட்டை விக்கிறவரு" என்றேன். அவர் நம்பவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வியாபாரி. இறந்துபோனவரை எடைக்கு மேல் ஏற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நானாவிடம் குறைகள் இருந்தன. சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. எந்தப் பிள்ளைக்கும் இரண்டு அளவு பெரிய சட்டையைத்தான் தலையில் கட்டுவார். கேட்டால், "புள்ள வளரும், துணி வளராது" என்பார். மலைப்பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் பாதிப் பிள்ளைகள் கையை மடித்துவிட்ட சட்டையோடுதான் வளர்ந்தார்கள்.

எங்கள் அறிமுகமே சண்டையில்தான் தொடங்கியது. அப்போது இருவருக்கும் மீசை அரும்பியிருந்த வயது. இருவரும் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரே தோட்டங்களுக்குப் போவோம். நான் அங்கே ஒரு லயத்தில் பிறந்தவன், அவர் டவுனிலிருந்து வருகிறவர். ஒரு சம்பள நாளன்று ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகைக்கு முன்னால் யார் மூட்டையை விரிப்பது என்று தொடங்கி, என் புடவைகள் சேற்றில் விழும் அளவுக்குப் போய்விட்டது. விழுந்த புடவைகளை அவரே எடுத்து உதறினார். உதறிக்கொண்டே, "இப்பிடி அடிபட்டா ரெண்டு பேருக்கும் யாவாரமில்ல. நீங்க பொடவையப் பாருங்க, நான் புள்ளைகள்ட சட்டையப் பாக்குறேன்" என்றார். அன்று பிரித்துக்கொண்ட எல்லையை இருவரும் தாண்டவில்லை. புடவை என்னைக் கடைக்காரனாக்கியது. அவர் மூட்டையிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து த்ரீவீலுக்கும் மாறினார். அதற்குமேல் மாறவில்லை.

"ஒரு கடையப் போடுங்க நானா" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "கடைக்கு வாறவன் சாமானப் பாக்குறான். வீட்டுக்குப் போனா நான் ஆளப் பாக்குறேன்" என்பார். எனக்குக் கடை வந்த நாளிலிருந்து என்னை முதலாளி என்றுதான் கூப்பிட்டார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

கடைக்கு நிரோஷா டெக்ஸ்டைல்ஸ் என்று பெயர் வைத்தேன். அது என் மகளின் பெயர். தமிழருக்கும் சிங்களவருக்கும் வாயில் சுலபமாக வரும் என்று யோசித்து அவளுக்கு வைத்த பெயர். டவுனில் வியாபாரம் செய்கிறவன் தோட்டத்திலிருந்து வந்தவன் என்பது நெற்றியில் எழுதியிருக்கக் கூடாது என்று நான் நினைத்த காலம் அது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் காலம் நீண்டுகொண்டே போயிற்று. மகளின் கல்யாணக் கார்டில் மாப்பிள்ளை பக்கத்துத் தாத்தா பாட்டி பெயர்கள் வரிசையாக இருந்தன. எங்கள் பக்கத்தில் அந்த வரியே இல்லை. இடம் போதவில்லை என்று அச்சகத்துக்காரர்மேல் பழியைப் போட்டேன். நானா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கார்டு அழகா ஈக்கிது முதலாளி. ஒங்கட உம்மாட பேரத் தேடினேன். கண்ணாடி போடாததால தெரியல்ல போல."

அவர் கண்ணாடி போட்டிருந்தார்.

என் அம்மாவின் பெயர் அம்மாக்கண்ணு. ரப்பர் மலையில் பால் வெட்டியவர். காலஞ்சென்று வெகுநாளாகிறது. அந்தப் பெயர் என் பிறப்புச் சான்றிதழில் மட்டும்தான் மிச்சமிருந்தது. போன வருடம் நிரோஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே அவள் அந்தச் சான்றிதழை மேசைமேல் வைத்தாள். "பாப்பாவுக்கு இந்தப் பேருதாம்பா" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வீடு இரண்டுபட்டது. சம்பந்தியம்மா தொட்டிலைப் பார்த்தபடி, "பெத்த புள்ளையப் போயி அம்மா அம்மான்னு கூப்பிடணுமா? ஸ்கூல்ல டீச்சரே சிரிச்சிருவாங்க" என்றார். என் மனைவி எந்தப் பக்கமும் சேராமல் சமையலறையில் இருந்துகொண்டார். நான் வியாபாரிக்கு வருகிற யோசனையைச் சொன்னேன்: பதிவில் நிதுஷிகா, வீட்டில் அம்மாக்கண்ணு. இரண்டு பேரும் திருப்தி. நிரோஷா ஒரே வரியில் பதில் சொன்னாள். "நீங்க எனக்கு வச்சது பேரில்லப்பா, போர்டு. என் புள்ளைக்குப் பேரு வைக்கிறேன். அது பதிவுலயே இருக்கணும்."

எதிர்த்துப் பேசி அவளை வெல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே அபிப்பிராயம் திரட்டத் தீர்மானித்தேன். டவுனில் கேட்டால் யாருடைய பெயர் என்று விஷயம் வெளியே வந்துவிடும். தோட்டத்தில் கேட்டால், "ஐயோ, அந்தப் பழைய பேரா!" என்று அவர்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தோட்டத்துச் சனங்களே வேண்டாம் என்று சொன்னால் மகளும் கேட்பாள். இதுதான் என் கணக்கு. தோட்டத்தின் நாலு டிவிஷனுக்கும் போகிறவர் நானா ஒருவர்தான்.

"போற எடத்துல ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க நானா. பொறந்த பொம்பளப் புள்ளைக்கு அம்மாக்கண்ணுன்னு பேரு வச்சா எப்பிடி இருக்கும்னு. யாரு புள்ளன்னு சொல்லிறாதீங்க."

"நல்ல பதில் வேணுமா, உண்மையான பதில் வேணுமா?"

"உண்மையான பதில்தான்" என்றேன். அது பொய்.

ஐந்தாம் நாள் மாலை வந்தார். த்ரீவீலில் இருந்த பையை அப்படியே தூக்கிவந்து என் மேசைமேல் கொட்டினார். எல்லாம் கைக்குழந்தைச் சட்டைகள். "கேட்டீங்களா?" என்றேன். "கேட்டேன். ஆனா நீங்க சொன்ன மாதிரி கேக்கல்ல" என்றார்.

"பேரு நல்லா ஈக்கிதான்னு கேட்டா, எந்தப் பேருக்கும் மொகத்தச் சுளிப்பாங்க. ஒங்களுக்குத் தெரியாததா? பொடவ நல்லா ஈக்கிதான்னு கேட்டா விக்குமா? நான் வேற கேட்டேன். அம்மாக்கண்ணுன்னு ஒரு புள்ள ஈக்கிது, எந்தச் சட்ட எடுக்கலாம்னு கேட்டேன்."

மேல் டிவிஷனில் ஒரு பெண், "செவப்பா, கறுப்பா?" என்று கேட்டாராம். பத்து நாள் பிள்ளைக்கு நிறம் எப்படித் தெரியும் என்று நானா கேட்க, "அப்ப மஞ்சள எடுங்க, மஞ்சள் எதுக்கும் நிக்கும்" என்று தானே தேடி எடுத்துக் கொடுத்தாராம். லயத்தில் பக்கத்து வீடான காம்பராவிலிருந்து வந்தவர், "அந்தப் பேருக்குக் கையில்லாத சட்ட சரிப்படாது, நானா. பஃப் கை வச்சதாப் பாருங்க" என்றிருக்கிறார். போன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குமரி தலையை நிமிர்த்தாமலே, "பழைய பேருதான் இப்ப நல்லா ஓடுது, புள்ள எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். ஒரு பால்வெட்டுக்காரர் மட்டும், "கெழவி பேருக்கு என்னத்துக்கு ஃப்ராக்கு, கண்டாங்கிச் சேலையக் குடுங்க" என்றாராம். அதற்கு லயமே சிரித்ததாம். ஆனால் சிரித்து முடித்துவிட்டு, சட்டைப் பையை அவரும் கிளறிப் பார்த்தாராம்.

"ஒருத்தரும் வேணாம்னு சொல்லலையா?" என்றேன். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

நானா சட்டைகளை ஒருபக்கம் ஒதுக்கினார். பிறகு சொன்னார்.

"ஒரு பொம்பள சொன்னா. கீழ் டிவிஷன்ல. எங்கம்மா பேரும் இந்த மாதிரிப் பேருதான், விடியக்காலப் பெரட்டுல ஆள் கணக்கெடுக்கக்குள்ள கணக்கப்புள்ள அந்தப் பேரச் சொல்லிக் கத்துனது இன்னும் என் காதுல கெடக்கு, நான் என் புள்ளைக்கு வைக்க மாட்டேன்னு சொன்னா. இத மறைச்சா நான் யாவாரி இல்ல, கள்ளன்."

"பாத்தீங்களா?" என்று நான் பாய்ந்தேன். "அதத்தான் நானும் சொல்றேன்."

"முழுக்கக் கேளுங்க முதலாளி. போகக்குள்ள திரும்பக் கூப்பிட்டா. ஒரு நீலச் சட்டைய எடுத்துக் குடுத்தா. அப்பிடி ஒரு புள்ள உண்மைக்கும் இருந்தா, அதக் கத்திக் கூப்பிட வேணாம்னு சொல்லுங்கன்னா."

மேசைமேல் கிடந்த சட்டைகளை அவர் ஒவ்வொன்றாக விரித்து வைத்தார். விரித்துவிட்டு, இத்தனை பேரிடம் கேட்டதையே என்னிடமும் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க. அம்மாக்கண்ணுக்கு எந்தச் சட்ட?"

இந்த வித்தை எனக்குத் தெரியாததல்ல. வாடிக்கையாளர் தயங்கும்போது விலையைப் பேசாமல் துணியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆயிரம் பேருக்கு நான் செய்திருக்கிறேன். என்னிடமே ஒருவர் செய்கிறார் என்பது புரிந்தும் என் கை போயிற்று. இளம் ரோஸ் நிறத்தில் ஒரு சட்டை. ரப்பர் பால் பட்ட துணி காய்ந்ததும் கறுத்துவிடும். எவ்வளவு துவைத்தாலும் போகாது. மலைக்குப் போகிறவர்கள் அடர்ந்த நிறம்தான் உடுத்துவார்கள். என் அம்மாவுக்கு மலைக்குப் போகாத நாள் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. கடை நிறையப் புடவை வைத்திருக்கிற நான், வெளிர் நிறத்தில் ஒரு புடவை அவருக்கு வாங்கிக் கொடுத்ததில்லை. அது அன்றுதான் எனக்குத் தோன்றியது.

நானா அந்தச் சட்டையை மடித்தார். மற்றதையெல்லாம் பையில் போட்டார். "ரெண்டு அளவு பெருசு. ஒரு வயசு வரைக்கும் போடலாம்" என்று மட்டும் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் வீட்டில் பெயர் சூட்டினோம். பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லும் வேலையை நிரோஷா என்னிடம் கொடுத்தாள். முதல் தடவை எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். சம்பந்தியம்மா, "நல்லாச் சொல்லுங்க, புள்ளைக்குக் கேக்கணும்ல" என்றார். இன்று அவர்தான் பிள்ளையைக் கீழே விடாமல் தூக்கிக்கொண்டு, "அம்மாக்கண்ணு, அம்மாக்கண்ணு" என்று ஊரைச் சுற்றுகிறார். பதிவிலும் அதே பெயர்தான். விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.

நானாவுக்குச் சர்க்கரை வியாதி கடைசியில் கண்ணையும் காலையும் வாங்கியது. போன மழைக்காலத்தில் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "நானா, நீங்க அன்னைக்கி என்னை ஏமாத்திட்டீங்க" என்றேன். "பிடிக்காத சாமான நான் யார்ட தலையிலயும் கட்டினதில்ல" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "சட்டைதான் பெருசாக் கட்டுவேன்" என்று சிரித்தார். நாங்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான்.

அவர் விட்டுப்போன வியாபாரத்தை மகன் பார்க்கிறார். நல்ல பையன், நேரத்துக்கு வருகிறார். நானாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. கடைக்கு யாராவது கைக்குழந்தைக்குத் துணி எடுக்க வந்தால், எந்த அளவு, என்ன விலைக்குள் என்று கேட்பதை விட்டுவிட்டேன். முதலில் பிள்ளையின் பெயரைக் கேட்கிறேன்.

போன சனிக்கிழமை, கூட்டமான நேரம். ஒரு தோட்டத்துப் பெண் தன் அம்மாவோடும் கைப்பிள்ளையோடும் வந்திருந்தார். பெயர் கேட்டேன். "டில்ருக்ஷி" என்றார். கிழவி பக்கத்தில் நின்று, "வீட்டுல வெள்ளையம்மான்னு கூப்பிடுறோம்" என்று சொன்னதும், மகள் அவர் கையைக் கிள்ளினார். "சும்மா இரும்மா, கடையில போயி!" என்று முணுமுணுத்துவிட்டு, சுற்றி நின்ற டவுன் ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் நானே பார்த்த பார்வை.

"என் பேத்தி பேரு அம்மாக்கண்ணு" என்றேன். "எங்கம்மா பேரு. பால் வெட்டுனவங்க." கத்தவில்லை. மறைக்கவுமில்லை. சாதாரணமாகப் பேசுகிற குரலில்தான் சொன்னேன். கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. பிறகு சட்டைப் பெட்டியைத் திறந்து அந்தப் பெண்ணுக்கு முன்னால் வைத்தேன்.

"சொல்லுங்க. வெள்ளையம்மாவுக்கு எந்தச் சட்ட?"