பதினொரு குளிர்காலமும் ஒரு பிடி உப்பும்

கோர்வெட் காரின் உடம்பு துருப்பிடிக்காது. அது கண்ணாடியிழை, தட்டினால் பழைய மேசையைத் தட்டின சத்தம்தான் வரும். எழுபதுகளில் செய்த ஒன்றை வாங்குகிற எல்லோரும் இதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். ஆனால் அந்த உடம்புக்குள், முன்கண்ணாடியையும் கதவுகளையும் தாங்கிக்கொண்டு ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது. பறவைக் கூண்டு என்பார்கள். அது நன்றாகவே துருப்பிடிக்கும். வெளியே பளபளப்பு அப்படியே இருப்பதால் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். இலங்கையில் பொறியியல் படித்துவிட்டு, மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் பத்திரங்களைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன் நான். காரை வாங்கிய பிறகு, அதற்கும் நாற்பது அம்சப் பட்டியல் ஒன்று எழுதினேன். பனி உருக வீதிக்கு உப்புக் கொட்டத் தொடங்குமுன் காரை லாசாலில் வாடகைக்கு எடுத்த உள்கராஜில் விடுவேன். வசந்தத்தில் மூன்று நல்ல மழை பெய்து உப்பெல்லாம் கழுவுப்பட்ட பிறகுதான் வெளியே எடுப்பேன். உள்ளே ஈரப்பதமானி தொங்கும். பதினொரு குளிர்காலம் இப்படியே போனது.

போன வருடம் கண்ணில் குளுக்கோமாவுக்குச் சத்திரசிகிச்சை. கார் ஒரு வருடத்துக்கு மேல் ஓடாமல் நின்றதால், மீண்டும் வீதிக்கு எடுக்க இயந்திரப் பரிசோதனை வேண்டும். ஒக்டோபரில் என் சாரதிப் பத்திரத்துக்குக் கண் டொக்டரின் அறிக்கை போகவேண்டும். என்ன எழுதப்போகிறா என்பதை அவ மறைக்கவில்லை. ஆகவே எனக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு கோடை. பரிசோதனை சரிவந்தால் ஓடலாம். இல்லாவிட்டால் இல்லை.

அதற்கு முன் ஒருதரம் பார்த்துவிடச் சொல்லி, செயின்ட்-மிஷேலில் கராஜ் வைத்திருக்கும் மட்டக்களப்பு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முன்விளக்குகளைத் தூக்கிக் காட்டினேன். இந்தக் காரில் அவை மூக்குக்குள் மறைந்திருந்து, வெற்றிடக் குழாய்களால் எழும்பும். இடது விளக்கு உடனே எழும்பியது, வலது யோசித்து எழும்பியது.

"காலையில எங்கட மாமனார் எழும்புற மாதிரியே இருக்கு," என்றார் அவர்.

பிறகு பயணியின் கால்பக்கம் குனிந்து கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்தார்.

"அது தொழிற்சாலையில் போட்ட அசல் கம்பளம். கிளிப் உடைஞ்சால் வேறை இல்லை," என்றேன்.

"அண்ணன், பரிசோதனைக்காரன் கம்பளத்தைக் கும்பிட மாட்டான்."

கிளிப் உடைந்தது. உள்ளே கையை விட்டவர் ஒரு சிவப்புத் துணிப் பொட்டலத்தை இழுத்தெடுத்தார். ஈரமாக, கனமாக இருந்தது.

"இதென்ன, கறிச்சாமானா?"

பிரித்தார். பாதி கரைந்த கல்லுப்பு, கறுத்துப்போன செத்தல் மிளகாய், கொஞ்சம் கடுகு. அது இருந்த இடத்தில், கதவைத் தாங்கும் தூணின் அடியில், ஸ்குரூ டிரைவரை வைத்து மெல்ல அழுத்தினார். பிடிவரை போய்விட்டது. அவர் பகிடி விடுவதை நிறுத்தினார்.

"உடம்பை முழுசாகத் தூக்கித்தான் தூணை வெட்டி ஒட்டவேணும். இந்தக் காருக்கு அதைச் செய்யிற ஆக்கள் ரெண்டு பேர்தான். ரெண்டு வருசம் வரிசையில நிக்கவேணும் அண்ணன்."

"எனக்கு ஒக்டோபர் வரைக்கும்தான்."

அவர் பொட்டலத்தைத் திரும்பக் கட்டி என் கையில் தந்தார்.

வீட்டில் மனைவி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"சரிவராதாம். நீர் காருக்குள்ளை உப்பு வைச்சனீரோ?"

"ஓம், பின்னை? வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோன அண்டைக்கு. ஞாயிற்றுக்கிழமையளிலை அந்தப் பழைய கார்ச் சங்கத்துக்காரர் மூடியைத் திறந்து வாயைப் பிளந்துகொண்டு பாக்கிறவை. கண்ணூறு படாதோ?"

"எனக்குச் சொல்லேல்லையே."

"சொல்ல விட்டனீங்களோ? அது வருசா வருசம் மாத்தோணும். அடுத்த வருசம் மாத்தத்தான் குனிஞ்சனான். 'கையை எடும், அசல் கம்பளம்' எண்டு ஆக்களுக்கு முன்னாலை கத்தினீங்கள். அதோடை நான் விட்டிட்டன்."

அந்தக் கத்தல் எனக்கு நினைவிருந்தது. என் பட்டியலின் நாற்பது அம்சங்களிலும் அந்தக் கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பது இல்லை. அசல் கெட்டுவிடும் என்று நானேதான் அதை விட்டேன்.

"உப்புக் கரைஞ்சு கிடந்ததோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப கண்ணூறை எல்லாம் அது வாங்கியிருக்கு. நல்லது."

நான் பொட்டலத்தை மேசையில் வைத்தேன். எந்த உப்புக்குப் பயந்து அந்தக் காரை அரை வருடம் பூட்டி வைத்தேனோ, அதை மற்ற அரை வருடம் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவளுக்கு இதை விளக்கலாம். ஆனால் கார் ஓடிய பத்துக் கோடையும் அந்தத் தாழ்ந்த இருக்கையில், கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று முறைப்பட்டபடி, ஆற்றோரம் என்னோடு வந்தவளும் அவள்தான்.

எஞ்சினைச் சங்கத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். எஞ்சினில் குத்திய இலக்கமும் காரின் இலக்கமும் பொருந்துவதை அவருக்கு எத்தனையோ தரம் காட்டிப் பெருமைப்பட்டவன் நான். இனி அந்த இரண்டு இலக்கமும் இரண்டு ஊரில் கிடக்கும். மிச்சக் கார் பழைய இரும்புக்கு, உடைப்புக்கு. அதற்கான படிவத்தை, வழக்கம்போல, ஒரு பெட்டியும் விடாமல் நிரப்பிவிட்டேன்.

சனிக்கிழமை இழுவை வண்டி வருகிறது. மனைவி சக்கரங்களுக்கு அடியில் வைக்க நாலு தேசிக்காய் வாங்கி வைத்திருக்கிறாள். போற வாகனத்தைச் சும்மா அனுப்பக்கூடாதாம். சங்கிலி போட்டு இழுத்தாலும் சக்கரம் உருளத்தானே செய்யும், பழம் நசிந்தால் போதும் என்கிறாள். எதை எந்தச் சக்கரத்துக்கு வைப்பது என்று என்னிடம் கேட்டாள். முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ரெண்டு என்றேன்.